எடை இறங்கி வந்த பிள்ளை

திருநெல்வேலி டவுனில் சோற்றின் மகிமையில் யாருக்காவது சந்தேகம் வந்தால், ரத வீதிப் பாத்திரக் கடை பிரம்மநாயகம் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு வா, தெளிந்துவிடும் என்று சொல்லி அனுப்புவார்கள். காலையில் இட்லியை எண்ணாமல் சாப்பிடுவார். வெயில் ஏறும்போது எதிரே இருக்கிற பகவதியின் லாலா கடையிலிருந்து இலைத்துண்டில் வரும் அல்வாவை அது ஆறுவதற்குள் விழுங்குவார். மத்தியானம் சாம்பாருக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு குன்று, மோருக்கு ஒரு மேடு என்று ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வாழைப்பழத்தில் வந்து இளைப்பாறுவார். இப்படி ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஊர் போட்டதையெல்லாம் வீணாக்காமல் உடம்பில் சேர்த்து வைத்திருந்த மனிதரை, ஒரு நாள் கடையிலிருந்து வந்தபோது அவர் மனைவி ஆவுடை வாசலிலேயே நிறுத்தி, "ஒரு கால் செருப்ப எங்க விட்டிய?" என்று கேட்டாள். செருப்பு எந்தத் தெருவில் கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்ததும் தெரியவில்லை.

பாளையங்கோட்டை டாக்டர் மெர்சி சின்ன வயசுக்காரர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். அவர் காலைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், எடை மெஷினில் ஏறச் சொல்லி முள் தொண்ணூற்றெட்டில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதையும் பார்த்தார்.

"சார், உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். சர்க்கரைக்கு நீங்க இருக்கீங்க. இப்படியே போனா கால் விரல்ல இருந்து ஒவ்வொண்ணா எடுக்க வேண்டி வரும்."

பிறகு அவர் நாலு படிகளைச் சொன்னார். முதல் படியில் சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, கிழங்கு, பழம், இனிப்பு எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தி, உடம்பு தன்னிடம் உள்ள கொழுப்பையே எடுத்து எரிக்கப் பழக வேண்டும். இரண்டாம் படியில் காயும் பருப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே இறங்க வேண்டும். மூன்றாம் படியில் இறங்கும் வேகத்தைக் குறைத்து, எவ்வளவு சோறு இந்த உடம்புக்குத் தாங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நாலாம் படி ஆயுசுக்கும்.

"இறங்குறது யாரு வேணும்னாலும் இறங்கிடுவாங்க சார். இறங்கின இடத்துல நிக்கிற ஆளத்தான் நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். முட்டை சாப்பிடலாம்."

ஆவுடை காதைப் பொத்திக்கொண்டாள். "நாங்க சைவம் டாக்டர்."

"அப்போ தேங்காய், வெண்ணெய், பன்னீர், கீரை."

பிரம்மநாயகத்தின் முகம் பால்குடி மறக்கவைத்த பிள்ளையின் முகம் போல ஆயிற்று. பிள்ளை முகம் எப்படி இருக்கும் என்பதை அந்த வீடு மற்ற வீடுகளில் பார்த்துத்தான் தெரிந்து வைத்திருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். போகாத கோயில் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. ஆவுடை கடைசியில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, யாருக்காவது ஊட்டியே தீர வேண்டும் என்று இருந்த ஆசையையெல்லாம் புருஷன் இலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தாள். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். தொண்ணூற்றெட்டு கிலோவில் பாதி அந்த வகையில் வந்தது.

முதல் படி அவரைப் படுத்தி எடுத்தது. தலை வலித்தது, நாக்கு உலோகமாய்க் கசந்தது, கடையில் இட்லிக் கொப்பரையை எடுத்துக் காட்டும்போது மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். குக்கர் வாங்க வந்த ஒரு பெண்ணிடம், "இதுல நல்லா குழையப் பொங்குவியா தாயி?" என்று கேட்டுக் கண் கலங்கியதில் அவள் பயந்துபோய் வாங்காமலேயே போய்விட்டாள். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். விரல் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து வீட்டு எடை மெஷினில் ஏறினார். நாலு கிலோ குறைந்திருந்தது. சந்தோஷமாக இறங்கினார். முள் பூஜ்யத்துக்குப் போகாமல் நாலிலேயே நின்றது. குனிந்து பார்த்தால், மெஷின்மேல் ஒரு பெண் குழந்தை மல்லாந்து கிடந்து, அவருடைய நெற்றி, அவருடைய மூக்கு, அவருடைய இரட்டைத் தாடையோடு அவரை ஏறிட்டுப் பார்த்து, அவர் செருமுகிற மாதிரியே தொண்டையைச் செருமியது.

"ஏளா ஆவுடை," என்று அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "நான் இளைச்சது இங்க கெடக்கு, வந்து பாரு."

ஆவுடை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள், பார்த்தாள், இரு கையாலும் அள்ளித் தூக்கினாள். "நாலு கிலோ இருப்பாளே," என்று தூக்கிப் பார்த்துச் சொன்னவள், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வெந்நீர் போடப் போய்விட்டாள். அடுப்படியில் அவள் விம்மி விம்மி அழுகிற சத்தமும், நடுநடுவே சிரிக்கிற சத்தமும் கேட்டது.

டாக்டர் மெர்சி குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, கரைகிற கொழுப்பில் பெரும்பகுதி மூச்சுக்காற்றாகத்தான் வெளியே போகும் என்று படித்திருக்கிறேன், உங்களுக்கு இப்படிப் போயிருக்கிறது, எப்படியோ போனால் சரி, டயட்டை விடாதீர்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவரைவிட டவுன் கொஞ்சம் கூடுதலாக விசாரித்தது. ஆனால் எப்படி வந்தாள் என்று அல்ல. எதிலிருந்து வந்தாள் என்று. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திறங்கிய பிரம்மநாயகத்தின் தங்கை செண்பகம் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மதினி, இந்த முழங்கை மடிப்பு நான் வருஷா வருஷம் தீவாளிக்குக் குடுத்துவிட்ட முந்திரிக்கொத்துலா!" என்று உரிமை கொண்டாடினாள். எதிர்வீட்டுக்காரி தொடையைத் தொட்டுப் பார்த்து, அது தன் மகன் கல்யாணத்து லட்டு என்று சத்தியம் செய்தாள். லாலா கடை பகவதி மட்டும் யாரோடும் வாக்குவாதம் செய்யாமல், குழந்தையின் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளி, அது மினுமினுவென்று நழுவியதைச் சபைக்குக் காட்டி, "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அல்வாவுக்குச் சாட்சி வேண்டியதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆவுடைக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் அவனையே தாய்மாமனாக வைத்து, வடிவு என்று பெயரிட்டுக் காது குத்தினார்கள்.

இரண்டாம் படியில் பிரம்மநாயகம் இறங்க இறங்க வடிவு ஏறினாள்; பாலுக்குக்கூட அழவில்லை. அவர் பெல்ட்டில் புது ஓட்டை போடுகிற அன்றைக்கு அவள் தவழுவாள்; அவர் சட்டையைத் தையல்காரனிடம் பிடித்துத் தைக்கக் கொடுக்கிற அன்றைக்கு அவள் நடப்பாள். மற்ற பிள்ளைகள் வருஷக்கணக்கில் செய்ததை அவள் மாசக்கணக்கில் செய்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை, "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்க, ஆவுடை யோசிக்காமல், "இருவது கிலோ டீச்சர்," என்றாள். அந்த அம்மாளும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தாள். அப்பாவும் மகளும் சாயங்காலம் ரத வீதியில் கைகோத்து நடந்து வருகையில் ஒரே சாயல், ஒரே நடை, ஒரே செருமல். இருவரையும் சேர்த்துத் தராசில் நிறுத்தினால் அதே பழைய தொண்ணூற்றெட்டுதான் வரும் என்று ஊரார் பெருமையாகச் சொன்னார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒருநாள் பிரம்மநாயகம் பஸ் ஸ்டாண்டில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு உளுந்த வடை சாப்பிட்டுவிட்டார். வடை சிறுசுதான். ஆனால் அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் வடிவின் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. வீட்டுக்கு வந்தபோது ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தாள். அவர் வாயில் போவது அவளிடமிருந்து போகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவ்வளவுதான், டவுனில் பிரம்மநாயகமும் ஒரு வடையும் தனியாகச் சந்திக்க முடியாமல் போயிற்று. ஓட்டல்காரர்கள் அவரைக் கண்டால் கல்லாவிலிருந்தே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கோயில் பிரசாதக்காரர் புளியோதரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஆட்டோக்காரர்கள் அவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று ஆவுடைக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். தனக்காக மட்டும் என்றால் முதல் படியைத் தாண்டியிருக்க மாட்டார். வடிவுக்காக என்றபோது பக்கத்து இலையில் பாயசம் ஊற்றினாலும் அவருக்கு நாக்கு ஊறவில்லை.

ஊறவில்லை என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார், செண்பகத்தின் மகள் கல்யாணம் வரும்வரை.

கல்யாணத்தன்று கீரையும் வெண்ணெயுமாக ஒப்பேற்றிவிட்டார். மறுநாள் சம்பந்தி வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்து கொதிக்கிற அந்த மணம் மண்டபத்தைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. செண்பகம் புகுந்த வீட்டு வழக்கம், பெண்ணின் தாய்மாமன் முதல் கவளம் எடுத்தால்தான் பந்தி கை நனைக்கும். பிரம்மநாயகம் சோறு வேண்டாம் என்று சொல்லி, சொதியை மட்டும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கேட்டார்.

சம்பந்தி கையை இலைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார். "தாய்மாமன் எலையில சோறு விழலேன்னா என்ன அர்த்தம்? பொண்ணு குடுத்ததுல உங்களுக்கு மனசில்லையோ?"

செண்பகம் அண்ணனைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மண்டபமே அவர் கையைப் பார்த்தது.

முதல் கவளம் மரியாதைக்கு. இரண்டாவது, முதல் கவளம் தொண்டையில் தனியாக நிற்கிறதே என்று. மூன்றாவது கவளத்துக்குள் இஞ்சிப் பச்சடி வந்துவிட்டது, அதற்கப்புறம் பிரம்மநாயகம் இந்த உலகத்தில் இல்லை. ஆற்று வெள்ளத்தில் போகிற மரம் மாதிரி போய்க்கொண்டிருந்தார், பரிமாறுகிறவன் பழைய பழக்கத்தில் போட்டுக்கொண்டே இருந்தான். கண்ணாடி வளையல் விழுந்து உடைகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார். பெண்கள் பந்தியில் ஆவுடையின் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வடிவின் கையிலிருந்து வளையல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த அவள் கால்கள் நாற்காலியிலிருந்து அந்தரத்தில் ஆடின.

அவள் அழவில்லை. பெரிதாகிப்போன பட்டுப்பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்து, "அப்பா, எனக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோச்சு," என்றாள்.

சொதி வழிகிற கையோடு பிரம்மநாயகம் அந்த மண்டபத்தில் தேம்பித் தேம்பி அழுதார். இதில் பாதி வெறும் தண்ணீர் எடை, இறங்கிவிடும் என்று டாக்டர் மெர்சி போனில் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அன்றிலிருந்து மனிதர் வெறிபிடித்தவர் போல இறங்கினார். கீரையில் பாதி, வெண்ணெயில் பாதி, பிறகு அதிலும் பாதி. போன எடை வடிவுக்குத் திரும்பி வந்தது, வாய்ப்பாடு வந்தது, இரட்டைச் சடை வந்தது, நாற்பத்தெட்டு கிலோவோடு ஆறாம் வகுப்புக்குப் போனாள். டவுன் கைதட்டியது. டாக்டர் மெர்சி மட்டும், "போதும் சார், மூணாம் படிக்கு வாங்க, ஒரு கைப்பிடி சோத்துல ஆரம்பிங்க," என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் வளருகிறார்கள், என் பிள்ளை மட்டும் எப்படி வளராமல் நிற்பாள், அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். மோதிரம் கழன்று விழுந்தது. படி ஏறினால் கண் இருட்டியது. கடைக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைப் பார்த்து, முதலாளி எப்போது வருவார் என்று விசாரித்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் அடுக்கிலிருந்து பந்திச் சோறு வடிக்கிற பெரிய டபரா ஒன்றை எடுத்தவர், அதன் கனம் தாங்காமல் அதோடு சேர்ந்து கீழே விழுந்தார். பகவதிதான் ஓடிவந்து தூக்கினான். ஒற்றைக் கையில் தூக்க முடிந்தது, அப்படியே கொண்டுபோய் ஆவுடையிடம் சேர்த்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆவுடை குளித்து, விளக்கேற்றி, மூடி வைத்திருந்த அரிசிப் பானையைத் திறந்து உலை வைத்தாள்.

அந்த வீட்டிலிருந்து சோறு கொதிக்கிற வாசம் வந்து ரொம்பக் காலம் ஆகியிருந்ததால் தெரு முழுக்கத் திடுக்கிட்டது. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்தாள், பகவதி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான், அண்ணனைப் பார்க்க வந்திருந்த செண்பகம் அடுப்படி வாசலை மறித்தாள். "மதினி, என்ன காரியம் செய்யுதிய? அண்ணன் ஒரு வாய் வச்சா பிள்ள குறைஞ்சிருவால்லா!"

ஆவுடை அகப்பையை நீட்டி அவளை ஒதுங்கச் சொன்னாள். பிரம்மநாயகத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்து, இலை போட்டு, ஒரு கைப்பிடி சோறும் பருப்பும் நெய்யும் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"நான் சாப்பிட்டா அவ குறைவாளே, ஆவுடை."

"சாப்பிடலேன்னா நீங்க இல்லாமப் போயிருவிய. இவ ஒசந்து வளந்து மணவறையில நிக்கும்போது தாரை வாத்துக் குடுக்க நீங்க எத்தன கிலோ மிச்சம் இருப்பிய?" என்று கேட்டவள், அதற்குமேல் முடியாமல் உடைந்தாள். "பிள்ள இல்லாம நான் இருந்திருக்கேன். நீங்க இல்லாம இருந்தது இல்ல. குறைஞ்சா குறையட்டும், மடியில வச்சு மறுபடி வளக்குதேன். சாப்பிடுங்க."

பிரம்மநாயகம் இலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கையைக் கொண்டுபோனார், தொடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலையைக் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"அப்பாக்கு வேண்டாம்னா, அத நான் சாப்பிடட்டா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வருஷத்துச் சாப்பாட்டில் செய்த பிள்ளைக்குத் தனியாக என்ன பசி இருக்கப்போகிறது என்று ஊர் நினைத்துவிட்டது. விரதம் காக்கிற வீட்டில் பிள்ளைக்கு முன்னால் சோற்றைக் காட்டக்கூடாது என்று வீடு நினைத்துவிட்டது. அவளும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டாள். பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் செய்கிற ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பகவதி தலையில் அடித்துக்கொண்டான். "கன்னம் என்னுது, முழங்கை ஒன்னுதுன்னு பங்கு போட்டமே! பிள்ளைக்கு மொத மொதச் சோறு ஊட்டலியே பாவிகளா! நான் ஒரு தாய்மாமனா!"

அவனே கையைக் கழுவிவிட்டு வந்து வடிவை மடியில் வைத்துக்கொண்டான். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கனத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் முறை முறைதான். ஆவுடை பிள்ளைக்கென்று தனியாக ஒரு இலை போட்டு, சோற்றைக் குழையப் பிசைந்து, நெய் விட்டு, முதல் வாயை அவன் கையில் கொடுக்க, அவன் ஊட்டினான். இரண்டாவது வாயை ஆவுடை ஊட்டினாள். இத்தனை நாள் காத்திருந்த கை அது, பருக்கை ஒன்றுகூடச் சிந்தவில்லை. வடிவு கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"இப்ப நீங்க," என்றாள் ஆவுடை புருஷனிடம்.

பிரம்மநாயகம் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மொத்தக் கூட்டமும் வடிவின் கையையே பார்த்தது. வளையல் ஒருமுறை நெகிழ்ந்து மணிக்கட்டுவரை இறங்கியது. செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவு மூன்றாவது வாயை விழுங்கினாள். வளையல் நின்றது. அவர் இன்னொரு கவளம் எடுத்தார், அவளும் இன்னொன்று வாங்கிக்கொண்டாள், வளையல் மெல்ல ஏறிப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. இனி அவள் அவரிடமிருந்து எடுத்து வளர வேண்டியதில்லை, அவளுக்கென்று ஒரு வாயும் வயிறும் இருக்கிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பகவதி அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு அல்வா எடுத்துவர ஓடினான்.

"இன்னும்," என்றாள் வடிவு, காலியான தன் இலையைத் தட்டி. அது அச்சு அசல் பிரம்மநாயகத்தின் குரல்.

ஆவுடை பானையோடு வந்தாள். கை பழகிய பழக்கத்தில் அகப்பை முதலில் அவர் இலைக்குத்தான் போயிற்று. ஆவி பறக்கிற சோறு. தடுக்க அங்கே ஒருவருக்கும் இப்போது காரணம் இல்லை, அவரைத் தவிர. பிரம்மநாயகம் குனிந்து இரண்டு கையாலும் தன் இலையை மறைத்துக்கொண்டார்.

"எனக்குப் போதும்ளா. பிள்ளைக்குப் போடு."